சங்கை ஒப்படைத்த ஐயாறப்பனார்

வடவாற்றங்கரைக் குறுக்கைவெளியில், ஆதிமூலநாதர் கோயிலில் சங்கு ஊதும் பணி ஐயாறப்பனாருடையது. பிரகாரம் கூட்டுவார், விளக்குக்குத் திரி போடுவார், காலைப் பூசையில் தீபம் காட்டும்போது ஊதுவார். அதற்குமேல் ஒரு பெருமையும் அவர் விரும்பியதில்லை.

அவர் மனைவி தையல்நாயகிக்குக் காசநோய் என்று அரசு மருத்துவமனையில் சொன்ன வாரமே ஊர் பேசத் தொடங்கிவிட்டது. வாய் வைத்து ஊதும் சங்கு அல்லவா? நோய் வீட்டு மூச்சு சந்நிதிக்கு வேண்டாம் என்று தர்மகர்த்தா சொல்லி அனுப்பினார். வீட்டிலேயே ஊத வேண்டிய நாள் வரும், மூச்சைச் சேர்த்து வைக்கட்டும் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. சன்னலைத் திறந்து வைத்தார், எச்சில் கிண்ணத்தை மூடி எடுத்துப் போய்க் கொதிநீர் ஊற்றிக் கழுவினார், கஞ்சி காய்ச்சினார். பூசை மணி கேட்டால் மட்டும் இருப்புக் கொள்ளாது. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பார்.

இரண்டு மாதம் கழித்து, இனி நோய் பரவாது, ஆனால் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்றார் மருத்துவர். கோயிலிலும் மறுபடி ஊதச் சொன்னார்கள். மாத்திரையையும் தண்ணீரையும் மனைவியின் கைக்கெட்டும்படி வைத்துவிட்டு ஓடினார். நான்கு நாள் ஆசை தீர ஊதினார். ஐந்தாம் நாள் பாயை உதறியபோது அத்தனை மாத்திரைகளும் உருண்டு விழுந்தன.

"குமட்டல் தாங்கலைங்க," என்றார் தையல்நாயகி. "நான் போயிட்டா நீங்க நிம்மதியா ஊதலாம்ல."

ஐயாறப்பனார் வாய்விட்டு அழுதார். அன்றே சங்கைக் குருக்களிடம் ஒப்படைத்தார். மாத்திரை வேளையும் பூசை வேளையும் ஒன்றாக இருக்கிறது என்றார். விட்டால் இந்தப் பணி திரும்பக் கிடைக்காது என்று குருக்கள் எச்சரித்தார்.

"ஆண்டவனுக்கு வேற ஆள் வருவாங்க சாமி. அவளுக்கு நான் மட்டுந்தான்."

சொன்னது துணிவாகத்தான் சொன்னார், மனம்தான் அடங்கவில்லை. காலைதோறும் மனைவியை விழுங்க வைத்து, குமட்டும்போது நெற்றியைப் பிடித்துக்கொள்வார். காது கோயில் பக்கமே கிடக்கும். நான் செய்வது சரிதானா அப்பனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கெஞ்சுவார். நான்கு மாதம் ஆண்டவன் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒரு வேளை மாத்திரையையும் தவற விடவில்லை, ஒரு நாளும் கும்பிடாமல் இருக்கவில்லை.

மாசி மகத்தன்று தீபம் காட்டிய குருக்கள் சங்கொலி கேட்டுத் திடுக்கிட்டார். சங்கோ பட்டுத் துணிக்குள் சுற்றியபடி இருந்தது. ஒலி மட்டும் ஓயாமல் தெருவழியே அழைத்தது. தீபத் தட்டோடு அவர் நடக்க, தர்மகர்த்தாவும் பின்னால் வந்தார். ஐயாறப்பனார் வீட்டுக்குள்தான் அது முழங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் அது கேட்கவில்லை. மனைவி எந்த நேரத்திலும் வாந்தி எடுத்துவிடுவாரோ என்று, கிண்ணத்தை இரு கையாலும் ஏந்திக் காத்திருந்தார்.

குருக்கள் தட்டை அவர் முன் நீட்டினார்.

"நீர் ஊதறது சாமிக்குக் கேட்டுண்டுதான் இருக்கு, ஐயாறப்பரே."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னிக்கு மாத்திரை வெளியே வரலை சாமி," என்றார்.

அந்த மாதமே தையல்நாயகியின் நோய் தீர்ந்தது. சங்கை விட்டுக் கிண்ணம் ஏந்திய அந்தக் கைகளை நினைப்பவர்க்கும் நலமே உண்டாகும்.