அரை மீசை அரசரும் ஏழு வாசல் எலிப்பொறியும்

வெகு காலத்துக்கு முன்னே தொந்திக்கோட்டை என்றொரு சீமையை உக்கிரசேகரன் என்ற ராசா ஆண்டுவந்தார். அவருக்கு நாட்டின் மேல் பாசம் உண்டு. மீசையின் மேல் அதைவிட அதிகம். ஒருநாள் நெய்ச்சோறு தின்றுவிட்டு வாய்கூடத் துடைக்காமல் மத்தியானம் உறங்கிப் போனார். நெய் வாசனைக்கு வந்த எலி ஒன்று, இடது பக்க மீசையை முழுசாகத் தின்றுவிட்டுப் போய்விட்டது.

எழுந்து கண்ணாடி பார்த்தவர் போட்ட சத்தத்தில் கோட்டைப் புறாக்கள் எல்லாம் பக்கத்து நாட்டுக்குக் குடிபோயின. "அறுவடைக்குள் நாலாயிரம் வீட்டுக்கும் வீட்டுக்கொரு எலிப்பொறி! எலி இனமே இருக்கக் கூடாது!"

பொறிக்குப் படம் போடும் வேலை ஆஸ்தான யந்திர சிற்பி அலங்காரதாசருக்கு வந்தது. அந்த மனுசர் காது குடையும் குச்சிக்கே கலசம் வைப்பவர். அவர் போட்ட பொறியில் முப்பத்தாறு பாகங்கள். மேலே கோபுரம், சுற்றி மணிகள், உள்ளே போக ஏழு வாசல், வாசலில் ஆடும் மயில், நடுவே ஒரு கண்ணாடி.

"எலிக்கு எதற்கய்யா இத்தனை?" என்று ராசாவே கேட்டுவிட்டார்.

"மகாராசாவின் மீசையைத் தின்ற வாய் அல்லவா? சாகும்போது அதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா?"

ராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இந்தப் பொறியில் குறை சொல்பவன் தலை தரையில் உருளும்!" என்று பறையடித்துச் சொல்லச் சொன்னார்.

செய்யும் வேலை காத்தப்ப ஆசாரி தலையில் விழுந்தது. முன்பு ஒருமுறை அலங்காரதாசர் செய்து ஆடாமல் நின்ற அரண்மனை ஊஞ்சலை, ஒரே ஆணியில் ஆட வைத்தவர் அவர். அந்த வயிற்றெரிச்சல் தாசருக்கு இன்னும் தணியவில்லை. ஆசாரி ராப்பகலாய்ப் பாடுபட்டும் ஒரு பொறி முடிய நாற்பது நாள் ஆனது. அந்தக் கணக்குக்கு நாலாயிரம் பொறி முடிய நானூறு வருசத்துக்கு மேல் ஆகும்.

"சோம்பேறித்தனம், மகாராசா!" என்று தாசர் போட்டுக் கொடுத்தார். ஆசாரியைச் சிறையில் போட்டார்கள். அறுவடைக்குள் பொறிகள் வராவிட்டால் அவருடைய கட்டைவிரலை வெட்டுவது என்று தீர்ப்பு. கட்டைவிரல் போன தச்சர் உளியை எப்படிப் பிடிப்பார்? 

மறுநாள் ஆசாரியின் மனைவி சிட்டம்மாள் சபைக்கு வந்து நின்றாள். முறையிட வருகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்பதைத்தான் ராசா கேட்டார். "உனக்கு என்னம்மா குறை?"

"எனக்குக் குறை ஒண்ணுமில்லீங்க மகாராசா. பொறியிலேதான் கொஞ்சம் குறைக்கணும்."

"குறை சொல்லிவிட்டாள்! வெட்டுங்கள் தலையை!" என்று தாசர் துள்ளிக் குதித்தார்.

"ஐயா, குறை சொல்லக் கூடாதுன்னுதானே பறையடிச்சாங்க? குறைக்கக் கூடாதுன்னு யாரும் அடிக்கலையே?"

ராசா பறையடித்தவனைப் பார்த்தார். அவன், "அடிக்கலீங்க" என்றான்.

பொறியைச் சபையின் நடுவே வைத்தார்கள். அரண்மனையில் எலிக்கா பஞ்சம்? சிட்டம்மாள் கோபுரத்தைக் கழற்றினாள். எலி மாட்டியது. மணிகளைக் கழற்றினாள். எலி மாட்டியது. மயிலைக் கழற்றப் போனபோது தாசர் குறுக்கே விழுந்தார்.

"மயில் இல்லாவிட்டால் எலிக்கு ரசனை எப்படி வரும்?"

மயில் போனது. எலி ரசனை இல்லாமலே மாட்டியது.

கண்ணாடியை எடுக்கும் முன் ஓர் எலி அதன் எதிரே உட்கார்ந்து தன் மீசையை நீவிப் பார்த்துக்கொண்டிருந்தது. இடமும் வலமும் நிறைவான மீசை. ராசாவே இறங்கி வந்து கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தார். ஏழு வாசலை ஒன்றாக்கியதும், ஐந்தாம் வாசலில் வழி தவறி வீடு திரும்பிக்கொண்டிருந்த எலிகள் எல்லாம் நேராக வந்து விழுந்தன.

கடைசியில் மிஞ்சியவை ஒரு மூங்கில் குழாய், ஒரு மூடி, ஒரு குச்சி, ஒரு தேங்காய்ச் சில். சிட்டம்மாள் சில்லையும் எடுத்தாள். எலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இதைக் குறைக்க முடியாது சாமி" என்று சில்லைத் திரும்ப வைத்தாள். "குழாய் வெட்டுறவங்க வெட்டட்டும், மூடி சீவுறவங்க சீவட்டும், குச்சி செதுக்குறவங்க செதுக்கட்டும். எல்லா மூடியும் ஒரே அளவு. எந்த மூடியும் எந்தக் குழாய்க்கும் பொருந்தணும். எங்க வீட்டுக்காரரை விட்டீங்கன்னா மாசத்திலே முடிச்சிடுவாரு."

விட்டார்கள். இருபத்தெட்டே நாளில் முடித்தார், பத்து விரலோடும். நெல் வீட்டுக்கு வந்தபோது எலி குழாயில் இருந்தது.

ராசாவுக்கு இந்தக் குறைக்கும் வித்தை பித்தாகவே பிடித்துக்கொண்டது. சங்கு ஊதுபவரை ஒருநாள் நிறுத்திப் பார்த்தார். அன்றும் பொழுது விடிந்தது. பல்லக்கு தூக்கும் பதினாறு பேரை எட்டாக்கினார். கொஞ்சம் சாய்ந்தாலும் போனது. அப்புறம் அலங்காரதாசரையே ஒரு மாதம் நிறுத்தினார். சபையில் யாரும் அவரைக் கேட்கவில்லை. தாசர் ஒரு மாதமாக வீட்டிலேயே கிடந்ததை அவர் மனைவி மட்டும் நாலு தடவை வந்து முறையிட்டுவிட்டுப் போனாள்.

"நாலாயிரம் பொறிக்கும் தினமும் தேங்காய்ச் சில் வைக்கும் வேலை உமக்கு" என்று ராசா தீர்ப்புச் சொன்னார். "குறைக்க முடியாத பாகம் அது ஒன்றுதானாமே!" தாசர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தேங்காய்த் துருவி ஒன்று கேட்டார். அதையும் குறைத்துவிட்டார்கள், கத்திதான் கிடைத்தது.

சிட்டம்மாளைக் குறைப்பு மந்திரி ஆக்கி, பட்டு போர்த்தி, பக்கத்தில் ஆசனமும் போட்டார் ராசா. "சொல்லம்மா, இந்த அரண்மனையில் இன்னும் எதைக் குறைத்துப் பார்க்கலாம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ராசா சட்டென்று மிச்சமிருந்த வலப்பக்க மீசையைப் பொத்திக்கொண்டார். அவள் பார்வை மீசையில் இல்லை, அவர் உட்கார்ந்திருந்த சிம்மாசனத்தில் இருந்தது என்று கொஞ்சம் பொறுத்துத்தான் அவருக்குப் புரிந்தது.

"சபை கலையலாம்!" என்றார் ராசா.