தாள் மெருகிடுபவளும் கண்ணொளியும்

பஸ்ரா நூலகத்தில் தாள்களுக்கு மெருகிடும் ரைஹானா, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதால்தான் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டாள். கிரேக்க ஏடுகளை நம்பி, கண்ணிலிருந்தே ஒளி புறப்படுகிறது என்று முப்பது வருடம் பாடம் நடத்திய பண்டிதர் ஸுஹைபுக்கு அது பொறுக்கவில்லை. ஆளுநர் முன் அவளை நிறுத்தினார்.

“கருவி கூடாது, நூல் கூடாது. இப்போதே நிரூபி, இல்லையென்றால் வேலையை விட்டுப் போ,” என்றார் பண்டிதர்.

“ஆகட்டும் ஹஜ்ரத். சன்னல் வழியே சூரியனைப் பாருங்கள்.”

மூன்று எண்ணுவதற்குள் பண்டிதர் கண்ணைப் பொத்திக்கொண்டார், கண்ணீரில் தாடி நனைந்தது.

“போனது உங்கள் ஒளிதானே ஹஜ்ரத்? வலி எப்படி இங்கே வந்தது?”

“கண்ணில் தூசி விழுந்துவிட்டது.”

“தூசி வருகிற வழியில் வெளிச்சமும் வரலாமே,” என்றாள் ரைஹானா.

ஆளுநர் சிரித்துவிட்டு அவளை வேலையைப் பார்க்கச் சொன்னார். பண்டிதரும் புறப்பட்டார், வாசல் எந்தப் பக்கம் என்றுதான் அவருக்குச் சற்று நேரம் தெரியவில்லை.