தவிட்டி பூசிக்கொண்ட கல்

பறவைக்கும் பூச்சிக்கும் பேச்சு ஒன்றாக இருந்த அந்தக் காலத்தில், மீன்கொத்திகளுக்கு உச்சி முதல் வால் வரை தவிட்டு நிறம்தான். அவற்றில் ஒருத்திக்குத் தவிட்டி என்றே பெயர். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஆற்றங்கரை மண்சுவரில் வளை தோண்டி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். அந்தச் சுவர் தங்களுக்கே வேண்டும் என்று நண்டுகள் வழக்குக்கு வந்தன. யாரும் அறியாத கல்லைக் காட்டுபவருக்கே நிலம் சொந்தம் என்பது அந்நாளைய வழக்கம். தவிட்டியிடம் ஒரு கல் இருந்தது. வளைக் கோடியில், மீன்முள் மக்கிய கருங்களிக்குள் கிடைத்த வெள்ளைக் கல்.

கல் பார்ப்பதில் தேரைதான் பெரிய கை. பாறைக்கடி இருட்டை விட்டு அது வெளியே வந்ததே இல்லை. எந்தக் கல்லையும் அங்கேயே வைத்துத்தான் பார்க்கும்.

தவிட்டி கொண்டுவந்த கல்லைத் தேரை நக்கியது. "கரையல. உப்பு இல்ல." முசுறு எறும்பைக் கூப்பிட்டுப் புளிப்பு நீரைத் துப்பச் சொன்னது. கல் நுரைக்கவில்லை. "சுண்ணாம்பும் இல்ல."

மூத்த நண்டு இடுக்கியால் கீறினாள். மாவாக உதிர்ந்தது. "வெறும் மாக்கல்லுடி. கோலம் போட வச்சுக்கோ."

"மாக்கல்தான்," என்று முடித்தது தேரை. "பொழுது சாயறதுக்குள்ள வளையக் காலி பண்ணிடும்மா."

"முட்டை இருக்குங்க ஐயா."

"அதுக்காகக் கல்ல மாத்திச் சொல்ல முடியுமா?"

தவிட்டி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "வளை வாசல்ல விழுந்த துண்டு நீலமாயிடுச்சு. வெயில் பட்ட பக்கம் மட்டும். வந்து பாருங்க."

"அந்தத் துண்டை எங்க பொறுக்கினாளோ," என்றாள் நண்டு.

தேரை சிரித்தது. "கல்லு இருட்டுலயும் கல்லுதாம்மா."

எல்லோரும் பார்த்திருக்க, தவிட்டி அதே கல்லை அலகால் நொறுக்கினாள். மாவை மார்பில் அப்பினாள். முதுகிலும் சிறகிலும் வாலிலும் தேய்த்துக்கொண்டாள். தலைக்கும் வயிற்றுக்கும் மாவு போதவில்லை. பறந்து போய்ப் பாறைக்கு எதிரே மொட்டைக் கிளையில், சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

உச்சி வெயில் சுட்டது. அவள் அசையவில்லை. முதலில் சிறகோரம் வெளிறிய பச்சையானது. பிறகு முதுகு முழுவதும் நீலம் ஏறியது. நிழலில் இருந்த மார்பு மட்டும் வெள்ளையாகவே நின்றது.

தேரை மெல்ல நகர்ந்து வந்து, ஒரு காலை எடுத்து வெயிலில் வைத்தது.

"இது மாக்கல் இல்ல," என்றது. "நான் பார்க்காத கல்லு. சுவர் உனக்குத்தாம்மா."

நண்டுகள் தண்ணீருக்குள் இறங்கின. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தவிட்டி ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சிரித்துக்கொண்டு பறந்தாள்.

மீன்கொத்தி நீல முதுகும் வெள்ளை மார்புமாக, எல்லோரும் பார்க்கும்படி மொட்டைக் கிளையில் நிமிர்ந்து உட்காருவது அன்று முதல்தான்.