‘இந்நாட்டில்’ என்ற ஒரு சொல்

“அவர் எழுதியதில் பொய் இல்லை, அம்மை. அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது.”

சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார் தாண்டவமூர்த்தி. தென்கரை நாட்டு வழக்குரைஞர் சபையின் பதிவாளர். வயது அறுபது. வாதாடி வாதாடிச் சலித்துப்போய்ப் பதிவேட்டுக்கு வந்தவர். அதில் பெயர் ஏறாமல் தென்கரையில் யாரும் நீதிமன்றப் படி ஏற முடியாது.

குழப்பம் வந்தால் அவர் தேடி வரும் குரு தையல்நாயகிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முறத்தில் பருப்பைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“யார் எழுதியதில், ஐயா?”

“வேதகிரி. ஆற்றுக்கு வடக்கே, வடகரை நாட்டில், பெரிய வழக்குரைஞர். தொழில் ஒழுக்கம் தவறினார் என்று வடகரைச் சபை போன வருஷம் அவர் பெயரை அடித்துவிட்டது. இப்போது ஆற்றைத் தாண்டி வந்து நம் சபையில் மனுப் போட்டிருக்கிறார்.”

“மனுவில் என்ன எழுதினார்?”

“அதில் ஒரு கேள்வி உண்டு. ‘இந்நாட்டில் நீர் தண்டிக்கப்பட்டதுண்டா?’ என்று. ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார்.”

தையல்நாயகி வாய்விட்டுச் சிரித்தார்.

“இந்நாட்டில்! கேள்வியை எழுதிய புண்ணியவான் யார்?”

தாண்டவமூர்த்தியின் முகத்தில் அசடு வழிந்தது.

“நான்தான்.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதிய கேள்வி அது. அன்றைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கமும் மனிதர்கள் இருப்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

“பொய் இல்லையென்றால் பெயரை ஏற்றிவிட வேண்டியதுதானே?”

“ஏற்றலாம். ஒரே தப்புக்கு இரண்டு கரையிலும் அடிப்பது என்ன நியாயம்? அவர்கள் சபை அவரை வீணாகப் பழிவாங்கியிருந்தால்?”

“பிறகென்ன தயக்கம்?”

“என் பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிறார். அவரோடு ஒரு பெண் நிற்கிறாளே, பார்த்தீர்களா? குருவம்மாள். புருஷன் கொலைப் பழியில் சிறையில் இருக்கிறான். நாளை மறுநாள் விசாரணை. யாரும் தொடாத வழக்கை இவர் எடுக்கிறேன் என்றிருக்கிறார். நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுக்கு நாதியில்லை. போட்டு, இவர் கவிழ்த்துவிட்டால் அவன் கழுத்துக்குக் கயிறு. எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மை.”

“வடக்கே அவர் செய்ததுதான் என்ன?”

“தெரியாது.”

கல் பொறுக்கிய கை நின்றது.

“தெரியாதா?”

“வடகரைத் தீர்ப்பு இங்கே செல்லாது. செல்லாத காகிதத்தைப் பதிவாளர் படிக்கக் கூடாது. விதி அப்படி.”

“அதுவும் நீங்கள் எழுதியதா?”

“இல்லை, இல்லை. அது எனக்கு முன்னாலேயே இருந்தது.” அதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது.

“காகிதத்தைத்தானே படிக்கக் கூடாது? ஆளைக் கேட்கக் கூடாது என்று விதி உண்டா?”

தாண்டவமூர்த்தி விதிகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒன்று இல்லை. பதிவாளராக இருந்த பத்து வருஷத்தில் அவர் யாரையும் அப்படிக் கேட்டதும் இல்லை.

“எப்படிக் கேட்பது, அம்மை?”

“ஊரில் எப்படிக் கேட்பார்கள்? அப்படி.”

அவர் எழுந்து வெளியே போனார்.

வேதகிரி வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாமல் நின்றிருந்தார். குருவம்மாள் சற்றுத் தள்ளி மண்ணில் குந்தியிருந்தாள்.

“வேதகிரி, வடக்கே என்னய்யா செய்தீர்?”

குருவம்மாள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். வடக்கே ஏதோ நடந்திருக்கிறது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

தாண்டவமூர்த்திக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தப்பு செய்தேன் என்றாலும் சரி, வீண்பழி என்றாலும் சரி, விதி கிடக்கிறதென்று அந்தத் தீர்ப்பை வாங்கிப் படித்துவிடுவது என்று நினைத்திருந்தார்.

வேதகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நல்ல கேள்வி, பதிவாளர் அவர்களே. எந்தக் கரையின் சட்டப்படி கேட்கிறீர்கள்?”

தாண்டவமூர்த்தி குருவம்மாள் பக்கம் திரும்பினார்.

“உன் புருஷன் என்ன செய்தான், தாயி?”

அவள் யோசிக்கவே இல்லை.

“அருவா எங்க வீட்டு அருவாதான், சாமி. வெட்டுனது அவரு இல்ல.”

தாண்டவமூர்த்தி அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

“என் பெயரும் அந்த ஏட்டில் இருக்கிறது. உன் வழக்கில் நான் நிற்கிறேன். மேலே சொல்லு.”