இருவாச்சி வரும் சத்தம்

மருதிக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் கதை எழுதக் கற்றுக்கொள்ள வந்த எட்வினுக்கு அறுபத்தொன்று.

எட்வின் நாகர்கோவிலில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மருதி ஆனைமலைக் காட்டுக் குடியிருப்பு ஒன்றில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் நடத்துபவர். தன் மக்கள் சொல்லும் விலங்குக் கதைகளைச் சிறுவர் புத்தகங்களாக எழுதிவந்தார். அவற்றைப் படித்துவிட்டுத்தான் எட்வின் பஸ் ஏறினார். வந்த நாள் முதல் மருதியை டீச்சர் என்றே அழைத்தார். மருதி அவரை சார் என்றார்.

இருவரும் சேர்ந்து இருவாச்சிப் பறவையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்டும். அது பறந்து வரும்போது பெரிய இரைச்சல் கேட்கும். சிறகுகளின் சந்தில் காற்று புகுவதால் அந்தச் சத்தம் என்று எட்வின் எழுதினார். இருட்டில் இருக்கும் மனைவி, நீதான் வருகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும், சத்தம் போட்டுக்கொண்டு வா என்று கேட்டதால் என்று மருதி எழுதினார்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் எட்வினுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அட்டையில் அவர் பெயரும் இருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். மனைவி கேட்ட கதையை எடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே பக்கத்துல இருந்தா குழந்தைங்க எதை நம்புவாங்க, டீச்சர்?"

மறுநாள் காலை மருதி பள்ளிப் பிள்ளைகளையும் அவரையும் பொந்து இருந்த மரத்துக்கு அழைத்துப்போனார். தள்ளி ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

ஆண் வரவில்லை. வெயில் ஏறியது. கீற்றில் பெண்ணின் அலகு நுனி தெரிந்தது, உள்ளே போனது, மறுபடி தெரிந்தது. செவந்தி என்ற சிறுமி எட்வினின் சட்டையை இழுத்து, அது வராமலே போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவருக்கு விடை தெரியும். கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தூரத்தில் அந்த இரைச்சல் கேட்டது.

"வந்துட்டான்மா," என்றார் எட்வின், பொந்தைப் பார்த்து.

ஆண் பொந்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீற்றுக்குள் கொடுத்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எட்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பும் வழியில், அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று செவந்தி கேட்டாள். எட்வின் கைவிரல்களை விரித்துக் காட்டி, சிறகில் இப்படிச் சந்து இருக்கிறது, காற்று அதில் நுழைகிறது என்றார். அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு கைகளை வீசிக்கொண்டு, "நாந்தான் வர்றேன், நாந்தான் வர்றேன்" என்று சரிவில் ஓடினாள். மற்ற பிள்ளைகளும் விரல்களை விரித்துக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

எட்வின் நின்று பார்த்தார்.

"இப்ப எதை நம்பி ஓடுறாங்க, டீச்சர்?"

மருதி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீங்களும் ஓடுங்க, சார். விரலை நல்லா விரிச்சுக்கோங்க. இல்லன்னா பொந்துல இருக்குற அந்தம்மாவுக்குக் கேக்காது."