கஸ்பாரண்ணன் வேன்மேல் ஏற்றிய கப்பல்

உவரியில் கஸ்பாரண்ணனின் வேன் சின்னது, வாய்தான் பெரியது. ஆனாலும் அன்றைக்குப் பிரகாசிக்கு வேறு வண்டி அகப்படவில்லை. சாயங்காலம் மணப்பாட்டில் பெண்களுக்கான துடுப்புப் போட்டி. கடல் சீறிக்கொண்டு கிடந்ததால், தன் வள்ளத்தையும் நாத்தனார் ஜெனோவாவின் வள்ளத்தையும் ரோட்டு வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

பிரகாசியின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வேனைக் கொண்டுவந்து நிறுத்திய கஸ்பார் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டார்.

"ரெண்டு வள்ளம்தானா? போன சித்திரையில இதே வேன் மேல பன்னிரண்டு ஏத்தினேன். ஒண்ணு மேல ஒண்ணு, இட்லித் தட்டு அடுக்குற மாதிரி. அதுவும் இடது கையால. வலது கையில டீ கிளாஸ் இருந்துச்சு."

"அப்ப இந்த ரெண்டையும் தூக்கி வச்சிருங்களேன்" என்றாள் ஜெனோவா.

"இன்னைக்குக் கையில சுளுக்கு."

பெண்கள் இருவரும் மூச்சைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே கவிழ்த்தார்கள். துடுப்புகளையும் மிதவைச் சட்டைகளையும் அடியில் செருகினார்கள்.

"பாத்துக் கட்டுங்க, ஏட்டி. பொம்பளைங்களுக்குத் தொட்டில் கட்டத்தான் வரும்."

பிரகாசிக்குச் சுருக்கென்றது. வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை அவளுடையது. கயிற்றைப் பிரித்தாள்.

"அண்ணே, மேல கொக்கியெல்லாம் துரு தின்னு போச்சு. கயித்தை ஜன்னல் வழியா விட்டுத்தான் சுத்தணும். செத்த இறங்குங்க."

"விடு, விடு. நீ கதையைக் கேளு. அந்தப் பன்னிரண்டோட போறேனா, உச்சியில இருந்த வள்ளம் மேகத்துல இடிச்சிருச்சு. மழைத் தண்ணி ரொம்பி அதுல கெண்டை மீன் துள்ளுது!"

"மேகத்துல கெண்டை ஏது?"

"எனக்கென்ன தெரியும்? நான் வித்தேன், வாங்கினவன் தின்னான். அப்புறம் ஆரல்வாய்மொழி காத்து தெரியும்லா? வேனை அப்படியே தூக்கிருச்சு. நான் அசரலியே! ஜன்னல் வழியா ரெண்டு துடுப்பை நீட்டி வானத்துல வலிச்சேன். அங்க கரண்டு எடுக்குற காத்தாடியெல்லாம் நின்னு எனக்கு வழி விட்டுச்சு."

கயிறு அவர் மூக்கை உரசிக்கொண்டு போனது. கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"அண்ணே, கடைசியாக் கேக்கேன். இறங்குறீங்களா?" என்றாள் பிரகாசி.

"முக்கியமான இடத்துல பேச்சை வெட்டாத! அதைப் பாத்துட்டுத் துறைமுகத்துல இருந்தே ஆள் வந்துட்டாங்க. ஒரு கப்பல் மணல்ல மாட்டிக்கிச்சாம். கிரேன் மூணு உடைஞ்சு போச்சாம். 'கஸ்பாரு, நீதான்யா கதி'ன்னு அழுதாங்க. ஏத்தினேன். இந்த வேன் மேலதான். உள்ள கப்பல்காரங்க சாப்பிட்டுட்டு இருந்தாங்க பாத்துக்கோ, இலையில சாம்பார் அசையல."

ஜெனோவா கயிற்றின் மறுமுனையை இழுத்துக் கொடுத்தபடி கேட்டாள். "நங்கூரம்?"

"என்ன?"

"கப்பலுக்கு நங்கூரம் இருக்கும்லா. அதை எங்க வச்சீங்க?"

கஸ்பார் ஒரு நொடி யோசித்தார். "மடியிலதான். பெறகு வழியில எங்கயாவது விழுந்துட்டா?"

பிரகாசி வண்டிப் பக்கத்தில் காலை ஊன்றி, கயிற்றை இறுக்கி, கடைசி முடிச்சைப் போட்டாள். வள்ளங்களை ஆட்டிப் பார்த்தாள். வேன் ஆடியது, வள்ளம் ஆடவில்லை.

"சரி, ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்புவோம்" என்று கஸ்பார் கதவைத் தள்ளினார். அசையவில்லை. மறுபக்கக் கதவும் அப்படியே. ஜன்னலுக்கு ஜன்னல் ஓடிய கயிறு, கதவுகளையும் வள்ளங்களையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டிருந்தது. ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தார். தலை வந்தது, தோள் வரவில்லை.

"ஏட்டி பிரகாசி, அவுத்து விடு. ஒண்ணுக்கு முட்டுது."

பிரகாசி முடிச்சுகளைப் பார்த்தாள். அவிழ்த்து மறுபடி கட்டுவதற்குள் போட்டியே முடிந்துவிடும். ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஜெனோவா பின்னால் ஏறிக்கொண்டாள்.

"ஓட்டுங்கண்ணே. மணப்பாட்டுல போய் அவுத்துக்கிடலாம்."