மறுமொழி வரும்வரை

"முப்பத்தோரு பேரை முழுங்கினது ஆறு இல்லை, ஐயா. உளுத்த ஓடம்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காத எவனோ ஒருத்தன். அவன் நல்லா இருப்பானா? அவன் வாய் புழுத்துப் போகாதா?"

உச்சி வெயிலில் நடந்து வந்த வேம்பன் உட்காரக்கூட இல்லை. நாட்டின் ஓடத்துறைகளைத் தணிக்கை செய்கிற அதிகாரி அவன். மீன்கூடை சுமந்து, அடிபட்டு, பேரம் பேசிப் பேசியே அந்த இடத்துக்கு வந்தவன். பதினெட்டு நாளைக்கு முன் கவிழ்ந்த ஓடத்தில் அவன் மனைவி பொன்னாச்சியும் போய்விட்டாள்.

குரு திருமேனி ஐயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு காலத்தில் அரசவைக்குச் சட்டம் எழுதிய கை அது.

"எவன் அவன்?"

"யார் கண்டா? எவனா இருந்தாலும் இனித் தப்ப முடியாது. நாளைக்குச் சபையில புதுத் தணிக்கைச் சட்டம். ஆறு தணிக்கையாளர் போதும்னாங்க. தொண்டை கிழியக் கத்தி இருபது வாங்கிட்டேன். ஆளுக்கொரு குதிரை. எந்தத் துறையிலும் கேட்காமலே நுழையலாம். தடுத்தா சிறை. படிச்சுப் பாருங்க."

ஐயா ஓலைகளைப் புரட்டினார். ஏழாம் ஓலையில் விரல் நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"தாகமா இருக்கும். அந்தக் கலயத்துல மோர் ஊத்திக் குடி."

வேம்பன் ஊற்றினான். ஊற்ற ஊற்ற அடியில் ஒழுகியது. வேட்டி நனைந்தது.

"ஐயா, கலயம் ஓட்டை."

"உஷ்! வெளியே சொல்லாதே."

"மோரெல்லாம் போகுதே!"

"தெரியும். குயவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். பதில் சொல்ல அவனுக்கு நாற்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் இது ஓட்டை இல்லை."

வேம்பன் வீசிய கலயம் சுவரில் மோதிச் சிதறியது.

"பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன்கிட்ட விளையாடுறீங்களா?"

"விளையாடலை. நீ எழுதினதைத்தான் சொன்னேன்."

ஏழாம் ஓலையை நீட்டினார். வேம்பனின் கையெழுத்துதான். 'கண்ட குறையைத் துறைத்தலைவனுக்கு மட்டும் தெரிவிக்க. அவன் மறுமொழி தர நாற்பது நாள். அதுவரை வேறெவரிடமும், தன் வீட்டாரிடமும்கூட, சொல்லலாகாது.' பழைய சட்டத்தின் வரி. வழக்கம்போல அட்சரம் பிசகாமல் புதியதிலும் பெயர்த்து வைத்திருந்தான்.

வேம்பன் அப்போதுதான் உட்கார்ந்தான்.

"ஓடத்தின் அடிப்பலகை உளுத்துப்போனது உனக்கு எப்போ தெரியும்?"

"கவிழ்றதுக்கு ஒன்பது நாள் முன்னாடி."

"பொன்னாச்சிக்கு?"

மோர் மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. வேம்பன் அதையே பார்த்தான்.

"அக்கரையில தங்கச்சிக்கு வளைகாப்பு, போயிட்டு வர்றேன்னா. தலை நிறையப் பூ. இன்னொரு நாள் போயேன்னேன். வளைகாப்பை இன்னொரு நாளா வைப்பாங்க, ஏன் போகக் கூடாதுன்னு கேட்டா."

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லை, போயிட்டு வான்னேன்."

வேம்பன் ஏழாம் ஓலையைத் தட்டிக் காட்டினான். "சட்டம், ஐயா. பதவியேத்தப்போ சத்தியம் பண்ணியிருக்கேன்."

ஐயா கீரையைத் தள்ளி வைத்தார்.

"அந்த வரியை முதல்ல எழுதினவன் நான்தான். பொய்ப் புகார் ஒண்ணு ஊரெல்லாம் பரவி, ஒரு துறைத்தலைவன் தூக்குப் போட்டுக்கிட்டான். இன்னொருத்தனுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு எழுதினேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் எழுதினேன்."

வேம்பன் மடியிலிருந்த எழுத்தாணியை எடுத்து அவர் முன் நீட்டினான்.  

"அடிங்க. நீங்க எழுதினதை நீங்களே அடிங்க."

ஐயா வாங்கினார். வரியின் குறுக்கே கோணலாக ஒரு கீறல். ஓலை கிழிந்தேவிட்டது.

வேம்பன் ஓலைக்கட்டைக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"கிளம்பிட்டியா?"

"வரிதான் போயிடுச்சே, ஐயா."

"இத்தனை வருஷமா இருந்த வரியை ஏன் எடுத்தேன்னு நாளைக்குச் சபையில கேட்பாங்க. எவனோ ஒருத்தன் செஞ்ச தப்புன்னு சொல்லுவியா?"

வேம்பன் வாசலில் நின்றான். திரும்பவில்லை.

"பொன்னாச்சிகிட்டச் சொல்லாததை அங்கே எழுந்து நின்னு சொல்லு, வேம்பா. இப்பவாவது சொல்லு."